முன்வாங்கில் ஒரே ஒருவர்

கிறகரி முழங்காலில் விழுந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். விரலில் இரத்தம். துடைக்க நேரமில்லை. கீழே தெரு வளைவில் கொழும்புக் காரின் ஹோர்ன் கேட்டுவிட்டது.

"கையால தொடாதீங்க தம்பி, நான் கூட்டிர்றேன்" என்றார் மூக்கையா. ஆராய்ச்சிக்கூடத்துப் பியூன். கண்ணாடிப் படங்கள் இருந்த பெட்டியைத் தூக்கி வந்தவர் அவர்தான். வாசலில் கிடந்த ஈரச் சாக்கில் கால் வழுக்கிப் பெட்டியோடு விழுந்தவரும் அவர்தான்.

நோய் பிடித்த தேயிலை வேர், அதைப் பற்றிப் படரும் பூசணம், அது மலைச்சரிவில் பரவும் வழி என்று எல்லாவற்றையும் படவிளக்கில் போட்டுச் சுவரில் பெரிதாகக் காட்டுவதற்காகக் கண்டி ஸ்டூடியோவில் தவம் கிடந்து செய்வித்த படங்கள். முழுசாக ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பெட்டி விழுந்த சத்தத்தில் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஆனால் மண்டபத்தின் மறுகோடியில் சுவருக்கு முன்னே நின்றவர் திரும்பவில்லை. ஆணியை வைத்தார், அடித்தார், வரைபடத்தை மாட்டினார், தள்ளி நின்று கோணல் பார்த்தார்.

கிறகரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் வாழ்க்கை காலடியில் நொறுங்கிக் கிடக்கிறது. திரும்பிப் பார்த்தால் கழுத்தா சுளுக்கிவிடும்?

அவர் பெயர் சுந்தரலிங்கம். யாழ்ப்பாணத்தவர். அந்தக் கூடத்தில் கிறகரியை விட்டால் மிச்சமிருந்த ஒரே ஆராய்ச்சி மாணவர். ஆறு மாதமாகக் கிறகரி மனசுக்குள் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தான் என்றால் அது இவரைத்தான்.

அது முப்பத்தைந்தாம் வருடம். பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறும் தெருவில், ஒரு பழைய கோப்பி ஸ்டோரைத் திருத்தித் தேயிலை நோய்களை ஆராயும் கூடமாக ஆக்கியிருந்தார்கள். கொழும்பில் பி.எஸ்ஸி. முடித்தவர்கள் இங்கே சம்பளமாக ஓர் உதவித்தொகை வாங்கிக்கொண்டு, லண்டன் எம்.எஸ்ஸி.க்கு வேலை செய்யலாம். டைரக்டர் துரைக்கு இந்த மாணவர்களைப் பற்றி ஒரு கவலை இருந்தது. "உங்களுக்குப் பூசணம் வளர்க்கத் தெரிகிறது, அதைப் பற்றி வாய் திறந்து நாலு வார்த்தை பேசத் தெரியவில்லை" என்பார். அதற்காகவே ஒரு பயிற்சித் திட்டம் போட்டார். ஒருநாள் டைப்ரைட்டர் பழகவேண்டும், ஒருநாள் புள்ளிவிபரக் கணக்கு, ஒருநாள் வேரை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டும் பழக்கம். சனிக்கிழமைக் காலையில் மண்டபத்தில் ஒருவர் தன் ஆராய்ச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் பேச, மற்ற மாணவர்கள் கேட்டுக் குறை சொல்லவேண்டும்.

திட்டம் நல்ல திட்டம்தான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கிறகரி வந்து சேர்ந்த மாதமே ஒருவன் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க் வேலை கிடைத்துப் போய்விட்டான். இன்னொருவன் லீவில் ஊருக்குப் போனவன் திரும்பவேயில்லை. மிஞ்சியது இரண்டு பேர். டைரக்டரோ சனிக்கிழமை காலை என்றால் டென்னிஸ் மட்டையோடு கண்டிக்குப் போய்விடுவார்.

ஆக, அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒருவன் பேச ஒருவர் கேட்பார். பின்னால் வரிசை வரிசையாக மரவாங்குகள் காலியாகக் கிடக்கும். சுந்தரலிங்கம் முன்வாங்கின் நடுவில் உட்கார்ந்து கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் சனிக்கிழமை கிறகரியால் மறக்கமுடியாதது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, தொண்டைக்குள்ளேயே பேசி, எழுதி வந்ததை ஒரே மூச்சில் வாசித்தான். குரல் நடுங்கியது அவனுக்கே கேட்டது. பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். திரும்பினான். சுந்தரலிங்கம் பென்சிலால் வாங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"முகத்தைத் தூக்கும்" என்றார். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், தேவைக்கு மேல் சத்தம். கங்காணி ஏவுவது போல.

அந்த வார்த்தை கிறகரியை எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கிறகரியின் அப்பா லூர்து கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் துரைக்கு முன்னால் நிற்பதற்கு ஒரு முறை உண்டு. தொப்பி கக்கத்தில், பார்வை துரையின் பூட்சில். நிமிர்ந்து முகம் பார்த்துப் பேசினால் அது திமிர். அந்த முறையைப் பால்குடிக்கிற வயசிலேயே கற்றவன் கிறகரி. குருமார் பள்ளியும் கொழும்புக் கல்லூரியும் அவன் தலைக்குள் எவ்வளவோ போட்டன, கழுத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

இந்த மனுஷன் அதைத்தான் குத்திக்காட்டுகிறார். தோட்டத்தான் தோட்டத்தான்தானே என்கிறார். கிறகரி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

முடிவுக்குச் சாட்சிகள் தானாகவே சேர்ந்தன. வராந்தாவில் முன்னால் போகிறவரைப் பார்த்து, "குட்மோர்னிங் மிஸ்டர் சுந்தரலிங்கம்" என்றால் அவர் பாட்டுக்குப் போவார். நுண்ணோக்கியில் குனிந்திருக்கும்போது ஏதாவது கேட்டால் பதில் வராது. மூக்கையாவும் ஆமாம் போட்டார்.

"யாழ்ப்பாணத்து ஐயாவுக்குத் தலக்கனம் ஏறிப்போச்சு தம்பி. போன வருசம் இப்புடி இல்ல. கேகாலைப் பக்கம் காய்ச்சல்ல சனம் சாகுதுன்னு தொண்டு செய்யப் போனாரு, அங்கயே விழுந்து பொழைச்சு வந்தாரு. செத்துப் பொழைச்சவுங்களுக்குக் கொஞ்சம் மப்பு இருக்கத்தானே செய்யும்."

"மப்பு எங்கிட்ட மட்டுமா, எல்லார்கிட்டயுமா?"

"எங்கிட்டயுந்தான். தேத்தண்ணி வச்சிருக்கேன்னு நாலு தடவ சொல்லுறேன், ஆறவிட்டுட்டு என்னையே மொறைக்கிறாரு."

கிறகரிக்குப் போக வேறு இடமும் இல்லை. பேராதனைச் சந்தியில் ஹுஸைன் நானாவின் கடைக்கு மேலே ஓர் அறை. இரவு பாயில் படுத்தால் கீழே கருவாட்டு வாசனையும், தூரத்தில் மகாவலியின் சத்தமும். யாழ்ப்பாணத்துக் கிளார்க்மார் ஒரு வீடு எடுத்து ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அங்கே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை, இவனும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை கலஹா பஸ் ஏறி வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. கூட மண்ணில் புரண்ட பையன்கள் இவனைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். அம்மா சூசையம்மா சுடச்சுட ரொட்டி தட்டிப் போட்டுக்கொண்டே, "வேர அறுத்துப் பாக்கவா ராசா இம்புட்டுப் படிச்ச?" என்று கேட்பாள். கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொன்னான். தன் மொழியிலேயே சொல்லியும் அவளுக்குச் சொல்லி முடிக்க அவனால் முடியவில்லை.

செத்த நிழல்மரத்தின் கட்டையில் ஒரு பூசணம் வளர்கிறது. கட்டையின் வேர் தேயிலையின் வேரைத் தொடுகிற இடத்தில் அது தாவுகிறது. பிறகு செடிக்குச் செடி. மேலே பச்சையாக நிற்கும் மலை அடியில் வெள்ளையாக அழுகுகிறது. இதை உலகத்தில் தன்னளவு தெரிந்தவர் பத்துப் பேர் இருப்பார்களோ என்னவோ. அந்த நினைப்பில் பெருமை வரவேண்டும். கிறகரிக்கு வந்ததெல்லாம் குளிர்தான்.

வாரம் முழுவதும் அவன் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் இருந்தது சனிக்கிழமை மட்டும். அந்த ஆளும் தன்னை வெறுக்கிறவர்.

ஆனாலும் போனான். தலை குனிந்தால் 'டொக்'. பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் 'டொக்'. வேகமாக ஓடினால் 'டொக்'. கையால் வாயை மறைத்து இருமினால்கூட 'டொக்'. "பேசேக்க எழுதாதேயும். எழுதேக்க பேசாதேயும். எழுதிப்போட்டுத் திரும்பும், பிறகு சொல்லும்." வேறொன்றும் சொல்லமாட்டார். கேள்வி கேட்டால் மட்டும் கூர்மையாகக் கேட்பார். பதிலை முழுவதும் முகத்தைப் பார்த்தே வாங்கிக்கொள்வார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பது முதலில் வெயிலில் நிற்பது மாதிரி இருந்தது. பிறகு பிறகு, ஆத்திரத்திலேயே கிறகரி நிமிர்ந்தான். பார், நன்றாகப் பார் என்று ஒவ்வொரு சொல்லையும் அந்த முகத்தில் அறைகிற மாதிரி சொன்னான்.

பென்சில் தட்டுவது குறைந்தது. ஒரு சனிக்கிழமை தட்டவேயில்லை. அன்றைக்குக் கிறகரி அறைக்குத் திரும்பும்போது ஏன் என்று தெரியாமல் சீட்டியடித்துக்கொண்டு போனான்.

இதெல்லாம் எதற்கு? இன்றைய நாளுக்கு. உதவித்தொகை ஒரு வருடத்துக்குத்தான். அது முடியுமுன்பே கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து, மாணவன் பேசுவதைக் கேட்டு, நீட்டிப்பதா நிறுத்துவதா என்று அங்கேயே முடிவு சொல்லும். நிறுத்தினால் கிறகரிக்கு என்ன காத்திருக்கிறது என்பதும் தெரியும். அப்பா துரையின் காலைப் பார்த்துக் கேட்டு வைத்திருந்த இடம். தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு இலக்கம் போடும் வேலை.

காரின் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

சுந்தரலிங்கம் அப்போதுதான் திரும்பினார். தரையைப் பார்த்தார். கிறகரியின் விரலைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. கிட்ட வந்து, தன் கைக்குட்டையை எடுத்து அவன் விரலில் இறுக்கிக் கட்டினார்.

"படம் இல்லாமல் பேசும்" என்றார். அதே தட்டையான குரல். பின்கதவால் வெளியே போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு சாக்கு. கவிழ்த்தார். பரிசோதனைத் தோட்டத்திலிருந்து காலையில் பிடுங்கிப் போட்டிருந்த நோய்ச் செடிகளும் ஒரு செத்த கட்டையின் வேரும் மண்ணோடு மேசையில் விழுந்தன.

டைரக்டர் முன்னால் வர, பின்னால் மூன்று பேரும் வந்தார்கள். தலைவர் வயதான தோட்டத்துரை. உரித்த தேங்காய் போல முகம், அடர்ந்த மீசை. அவருடைய பூட்ஸ் பளபளவென்று இருந்தது. கிறகரியின் பார்வை பழக்கதோஷத்தில் அங்கே போயிற்று. எங்கேயோ 'டொக்' என்று கேட்டதுபோல இருந்தது. நிமிர்ந்தான். பேச ஆரம்பித்தான்.

மூன்றாவது வாக்கியத்தில் மழை வந்தது.

ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் ஐப்பசி மழை. தூறி, யோசித்து வருகிற மழை இல்லை. சரல்கல்லை லொறியோடு கவிழ்த்ததுபோலத் தகரக் கூரையில் கொட்டியது. மண்டபமே ஒரு பறைக்குள் இருப்பது போலாயிற்று. கிறகரி பேசுவது அவனுக்கே கேட்கவில்லை.

தலைவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். மற்ற இருவரும் முன்னால் சரிந்தார்கள். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழுவுக்குப் பகல் சாப்பாடு கண்டியில், அதற்குப் பிறகு கொழும்பு. இன்னொரு நாள் என்பது இன்னொரு வருடம்.

கிறகரி முன்வாங்கைப் பார்த்தான். சுந்தரலிங்கம் எந்தச் சனிக்கிழமையும் போலவே உட்கார்ந்திருந்தார். சரியவில்லை, காதில் கை வைக்கவில்லை. மழை என்ற ஒன்று பெய்கிறது என்பதே அவர் முகத்தில் இல்லை. கண்ணை மட்டும் அவன் மேல் வைத்து, மேலே சொல்லும் என்று தலையை அசைத்தார்.

அவ்வளவுதான். கிறகரி குழுவை மறந்தான். அது ஒரு சனிக்கிழமை ஆயிற்று.

கத்தவில்லை. கத்திப் பிரயோசனமும் இல்லை. முகத்தை நேரே வைத்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் முழுசாகச் செய்து வெளியே விட்டான். பலகையில் பெரிதாகச் செத்த மரக்கட்டையை வரைந்தான். வரையும்போது வாய் மூடியிருந்தது. திரும்பினான், பிறகு சொன்னான். ஒரு கையில் கட்டையின் வேர், மறு கையில் தேயிலை வேர். இரண்டையும் மெதுவாகக் கிட்டக் கொண்டுவந்து தொடவைத்தான். தொட்ட இடத்தில் பட்டையை நகத்தால் உரித்து, உள்ளே படர்ந்திருந்த வெள்ளை நூல்களைத் தலைவரின் மீசைக்கு நேரே நீட்டினான். அவர் கண்களைப் பார்த்தே நீட்டினான். பிறகு பலகைக்குப் போய்க் கட்டைக்கும் செடிக்கும் நடுவே ஆழமான பள்ளமாக ஒரு கான் வரைந்து, கையால் வெட்டிக் காட்டினான். இந்தப் பக்கம் சாவு. அந்தப் பக்கம் பச்சை.

தலைவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். தலை தானாக ஆடியது.

பேச்சு முடியவும் மழை ஓயவும் சரியாக இருந்தது. மூவரும் கொஞ்சம் தள்ளிப் போய்க் குசுகுசுத்தார்கள். தலைவர் வந்து கை நீட்டினார். உதவித்தொகை தொடரும் என்றார். லண்டனுக்கு அனுப்புவது பற்றியும் யோசிக்கலாம் என்றார். இத்தனை வருடத்தில் மழைக்கு மேலாகப் பேசிய ஒருவனை இப்போதுதான் பார்க்கிறேன், இப்படிப் பேச யார் பழக்கியது என்றும் கேட்டார். டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு தம் சனிக்கிழமைத் திட்டத்தை விளக்கத் தொடங்கினார்.

கிறகரி கண்ணால் தேடினான். சுந்தரலிங்கம் சுவரடியில், முதுகு காட்டி நின்று, வரைபடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தலைவருக்கும் அந்த வரைபடம் கண்ணில் பட்டிருந்தது. பன்வில வரைக்கும் எந்தெந்த மலையில் நோய் இருக்கிறது என்று நிறம் தீட்டிய படம். அதை வரைந்தது நீதானா என்று சுந்தரலிங்கத்தின் முதுகைப் பார்த்துக் கேட்டார். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். மழை விட்ட மண்டபத்தில் அந்தக் குரல் எதிரொலித்தது. சுந்தரலிங்கம் நிதானமாகப் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

தலைவரின் முகம் சிவந்தது. இந்த ஆள் எப்போதும் இப்படித்தானா என்று டைரக்டரிடம் திரும்பினார். டைரக்டர் தோளைக் குலுக்கினார். கெட்டிக்காரன்தான், கொஞ்சம் கர்வம் என்றார்.

கிறகரியின் தலைக்குள் ஏதோ ஒன்று நின்றது. ஆணி. கண்ணாடி உடைந்த சத்தம். எழும்பிப் பறந்த காகங்கள். வராந்தாவில் பதில் கிடைக்காத அத்தனை குட்மோர்னிங்குகள். மழையில் சரியாத ஒரே தலை.

அவன் ஓடவில்லை. அவசரப்படாமல் மண்டபத்தைக் கடந்து, சுந்தரலிங்கத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றான். முகத்தை நிமிர்த்தினான்.

"தலைவர் கேட்கிறார்," என்று ஆங்கிலத்தில், நிறுத்தி, தெளிவாகச் சொன்னான். "இந்தப் படத்தை வரைந்தது நீங்களா? பன்வில விபரம் எங்கிருந்து கிடைத்தது?"

சுந்தரலிங்கத்தின் கண்கள் அவன் உதட்டில் இருந்தன. அங்கிருந்து ஒருகணம் அவன் கண்ணுக்கு ஏறின. பிறகு அவர் திரும்பி, தலைவரை வணங்கி, தான்தான் என்றும், தோட்டம் தோட்டமாக நடந்து சேர்த்தது என்றும் சொன்னார். வேலையில் மூழ்கியிருந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். தலைவரின் மீசை இளகியது. உன் முறைக்கும் சீக்கிரம் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் இறங்கும் சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்தது. மூக்கையா சில்லுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு வெளியே போனார். பழையபடி இரண்டே பேர், பின்னால் காலி வாங்குகள்.

சுந்தரலிங்கம் சுருட்டிய படத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். கிறகரி அவருக்கு நேர் எதிரே முன்வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தான். ஆறு மாதமாகக் கேட்க நினைத்தது ஒன்றுதான். அதைக் கேட்க அவனுக்கு வேறு ஆளும் இல்லை.

"அண்ணே," என்றான். அந்தச் சொல்லை அவரிடம் அவன் சொல்வது இதுதான் முதல் தடவை. "இன்னைக்கு என் குரல் நடுங்குச்சா?"

சுந்தரலிங்கம் வாசலில் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கேகாலைக் காய்ச்சலுக்கு எனக்குக் கொயினா மருந்தை அள்ளி அள்ளித் தந்தவை," என்றார். "உயிர் தப்பினது, காது தப்பேல்லை. இங்க தெரிஞ்சால் அண்டைக்கே பெட்டியக் கட்டச் சொல்லிப்போடுவினம். சனிக்கிழமையில நான் வந்தது உமக்குப் பழக்க எண்டு நினைச்சிருப்பீர். இல்லை. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு முகம் வேணுமாயிருந்தது. நீரோ அதைக் குனிஞ்சு குனிஞ்சு ஒளிச்சீர்."

படத்தை மேசையில் வைத்தார்.

"நடுங்கினதோ இல்லையோ எனக்கெப்பிடித் தம்பி தெரியும்? உம்மட குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை."